கடைசித் தேதி தாண்டியவர்கள்

1992ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி, ஸ்லோவேனியாவின் நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து 25,671 பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. முன்னறிவிப்பு இல்லை, நோட்டீஸ் இல்லை, ஒரு கடிதம்கூட இல்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவோ, பிறந்த குழந்தையைப் பதிவு செய்யவோ அலுவலகத்துக்குப் போனபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். துளைபோடும் கருவியால் அதில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த அட்டை இனிச் செல்லாது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு சட்டப்படி வேலை பார்க்க முடியாது, மருத்துவக் காப்பீடு கிடையாது, பலருக்கு ஓய்வூதியமும் நின்றது. எல்லை தாண்டிப் போனால் வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. இத்தனைக்கும் இவர்களில் பலர் பல்லாண்டுகளாக அங்கே உழைத்தவர்கள். சிலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அந்த நாட்டு மொழியில் இவர்களுக்கு ‘அழிக்கப்பட்டவர்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இவர்கள் செய்த குற்றம் ஒரு விண்ணப்பம் சம்பந்தப்பட்டது. யூகோஸ்லாவியா ஆறு குடியரசுகளின் கூட்டாட்சி. அங்கே ஒவ்வொருவருக்கும் கூட்டாட்சிக் குடியுரிமையோடு, ஏதாவது ஒரு குடியரசின் குடியுரிமையும் இருந்தது. அன்றாட வாழ்க்கையில் அந்த இரண்டாவது பதிவை யாரும் பொருட்படுத்தியதில்லை. போஸ்னியாவிலிருந்து வந்து யெசெனிட்சே இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு, தான் ஏட்டில் போஸ்னியர் என்பது நினைவுக்கு வரவேண்டிய சந்தர்ப்பமே கிடையாது. 1990 டிசம்பர் 23 அன்று ஸ்லோவேனியா வாக்கெடுப்பு நடத்தியது. மொத்த வாக்காளர்களில் 88 சதவீதத்துக்கும் மேலானோர் பிரிவதை ஆதரித்தார்கள். அந்த வாக்கெடுப்புக்கு முன்பே நாடாளுமன்றம் ஒரு வாக்குறுதி தந்திருந்தது: இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் மற்றக் குடியரசுகளைச் சேர்ந்தவர்கள் விரும்பினால் ஸ்லோவேனியக் குடியுரிமை பெறலாம். 1991 ஜூன் 25 அன்று சுதந்திரம் வந்தது. ஆறு மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 25க்குள், விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஏறத்தாழ 1,70,000 பேர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றார்கள். விண்ணப்பிக்காதவர்களும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களும்தான் பிப்ரவரியில் பதிவேட்டிலிருந்து காணாமல் போனார்கள்.

ஒரு நாடு பெரிய கூட்டமைப்பில் சேரும்போதும், அதிலிருந்து விலகும்போதும், மேடையில் பேசப்படுபவை கொடி, நாணயம், வரி, எல்லை, இறையாண்மை. இவையெல்லாம் முக்கியமானவைதான். ஆனால் அங்கே குடியிருக்கும் சாதாரண மனிதருடைய கதியைத் தீர்மானிப்பது, மேடையில் யாரும் பேசாத ஒரு நிர்வாகக் கேள்வி. நேற்றுவரை அவருக்கு இருந்த உரிமை இன்று தானாகத் தொடருமா, அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் அவரே விண்ணப்பித்து, ஆதாரம் காட்டி, மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டுமா? முதல் வழியில் போன நாடுகளில் அரசியல் மாற்றம் குடிமக்களின் தலைக்கு மேலாகக் கடந்து போயிருக்கிறது. இரண்டாவது வழியில் போன இடங்களில், காகிதம் குறைவாக வைத்திருந்தவர்கள் தலையிலேயே அது வந்து விழுந்திருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் இதைத்தான் சொல்கிறது என்பது என் துணிபு.

ஸ்லோவேனியாவில் அன்று சொல்லப்பட்ட நியாயம் இன்றும் சொல்லப்படுகிறது. புதிய நாட்டை விரும்பாதவர்கள்தான் விண்ணப்பிக்கவில்லை; சிலர் யூகோஸ்லாவியப் படையில் அதிகாரிகள்; பத்து நாள் போரில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள்; விசுவாசம் இல்லாதவர்களுக்கு எதற்கு உரிமை? பிறந்த கையோடு போரைச் சந்தித்த ஒரு நாட்டின் அச்சத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவர்களில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள். சுதந்திரத்துக்கு வாக்களித்தவர்களும் இருந்தார்கள். இந்த நியாயத்தை அடியோடு சாய்ப்பது இன்னொரு உண்மை. அதே காலத்தில் ஸ்லோவேனியாவில் நிரந்தரமாக வசித்த யூகோஸ்லாவியர் அல்லாத அயல்நாட்டவருக்கு எதுவும் ஆகவில்லை. அவர்களுடைய குடியிருப்பு உரிமை அப்படியே தொடர்ந்தது. ஒரே கூட்டாட்சியின் சக குடிமக்களாக இருந்தவர்கள் மட்டும், அந்நியரைவிடக் கீழான நிலைக்கு ஒரே நாளில் இறக்கப்பட்டார்கள். பின்னாளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று கண்டதற்கு இந்த வேறுபாடே முக்கியக் காரணம்.

அந்தப் பின்னாள் வர இருபது ஆண்டு ஆனது. நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 1999இலும் 2003இலும் நீக்கம் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. உரிமையை மீட்டுத் தருவதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டம், 2004 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே வாக்களிக்க வந்தார்கள். வந்தவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். சரியாக அடுத்த மாதம் முதல் தேதி, ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஒரு கூட்டாட்சியிலிருந்து விலகியபோது உரிமை இழந்தவர்கள், நாடு இன்னொரு கூட்டமைப்பில் சேர்ந்தபோதும் வெளியிலேயே நின்றார்கள். 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அதன்பிறகு இயற்றப்பட்ட சட்டப்படி, உரிமையற்றுக் கிடந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 50 யூரோ இழப்பீடு. 2022இல் அதிபர் போருட் பாஹோர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று ரத்தம் சிந்தாமல் இரண்டானது. அந்தப் பிரிவை உலகமே பாராட்டியது. அங்கேயும் செக் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த ரோமா மக்களில் பலர் ஏட்டளவில் ஸ்லோவாக் குடிமக்களாக இருந்தார்கள். செக் குடியுரிமைக்கு அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக் காலம் எந்தக் குற்றத் தண்டனையும் பெற்றிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. சின்னத் திருட்டு வழக்கில் சிக்கியவர்கூடப் பிறந்த ஊரிலேயே அயல்நாட்டவர் ஆனார்.

இவை கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்த குழப்பக் காலத்துக் கதைகள், நிலைபெற்ற மக்களாட்சிகளில் இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் பிரிட்டனைக் காட்ட வேண்டும். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்றார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, விலகலுக்காகப் பிரசாரம் செய்த முன்னணித் தலைவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். போரிஸ் ஜான்சனும் மைக்கேல் கோவும் பிரீத்தி படேலும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏற்கெனவே பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் ஐரோப்பியர்களுக்குக் காலவரையற்ற குடியிருப்பு உரிமை தானாகவே தரப்படும் என்பது அதில் இருந்த உறுதிமொழி. ஸ்லோவேனியாவில் கேட்டது போன்ற வாக்குறுதி. ஆனால் விலகல் நடைமுறைக்கு வந்தபோது ‘தானாக’ என்பது போய் ‘விண்ணப்பித்தால்’ என்பது வந்தது. கடைசித் தேதி, 2021 ஜூன் 30.

இந்த விண்ணப்பத் திட்டத்தை வடிவமைத்தவர்களுக்குக் கொடூர எண்ணம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். முதலில் 65 பவுண்டு கட்டணம் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் ரத்து செய்தார்கள். கைப்பேசிச் செயலியில் பாஸ்போர்ட்டின் சிப்பைப் படிக்கவைத்து, முகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். வரித்துறைப் பதிவுகளை அரசே பார்த்துக்கொள்ளும். ஆனால் தொடக்கத்தில் அந்தச் செயலி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மட்டுமே இயங்கியது. உரிமை கிடைத்தவர்களுக்கு அட்டை எதுவும் தரப்படவில்லை. வீட்டுக்காரருக்கோ முதலாளிக்கோ காட்ட வேண்டுமென்றால், இணையத்தில் நுழைந்து ஒரு குறியீட்டு எண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தவர்களுக்கு நிலையான உரிமை. அதற்குக் குறைவானவர்களுக்குத் தற்காலிக உரிமை, ஐந்தாண்டு நிறைந்ததும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மறந்தால் எல்லாம் போய்விடும் என்பது அன்றைய விதி. இந்த இரண்டாவது விதியைத்தான் 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட விலகல் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று தள்ளியது.

சரி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தனவே, பெரும்பாலானவர்களுக்கு உரிமையும் கிடைத்ததே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். தகுதியுள்ளவர்கள் 35 முதல் 41 லட்சம் பேர் இருப்பார்கள் என்பதுதான் அரசின் முன்மதிப்பீடு. ஒருவரே இரண்டு முறை விண்ணப்பித்ததைக் கழித்தாலும், வந்த தொகை மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது. அதாவது, தன் நாட்டில் எத்தனை ஐரோப்பியர் வசிக்கிறார்கள் என்பதே அரசுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது, எத்தனை பேர் விண்ணப்பிக்காமல் விட்டார்கள் என்பதை மட்டும் எப்படிச் சொல்ல முடியும்? யார் விட்டுப்போயிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. முதியோர் இல்லத்தில் நினைவு மங்கிக் கிடப்பவர், அரசுக் காப்பகத்தில் வளரும் குழந்தை, பாஸ்போர்ட்டைக் கணவன் பூட்டி வைத்திருக்கும் பெண், 1970களிலேயே வந்து குடியேறிவிட்டதால் இந்த அறிவிப்பு தனக்கில்லை என்று நினைத்த தாத்தா. கணினியும் கல்வியும் உள்ள வங்கி ஊழியர் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலையில் இவர்கள் சறுக்கினார்கள்.

வேறு வழி இல்லாமல் இப்படிச் செய்தார்கள் என்றும் சொல்ல இயலாது. விலகல் ஒப்பந்தமே இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருந்தது. ஐரோப்பாவில் வசித்த பிரிட்டிஷ் குடிமக்கள் விஷயத்தில் பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன் உள்ளிட்ட 13 நாடுகள், விண்ணப்பித்தால்தான் உரிமை என்ற முறையை எடுத்துக்கொண்டன. ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி உள்ளிட்ட 14 நாடுகள், நிபந்தனையைப் பூர்த்தி செய்து இங்கே வசிப்பவருக்குச் சட்டமே உரிமை தருகிறது, அட்டை அதற்குச் சான்று மட்டும்தான் என்றன. இத்தனைக்கும் ஒன்றியத்திலேயே மிக அதிகமான பிரிட்டிஷ் குடிமக்கள் வசித்த நாடு ஸ்பெயின். அங்கே அட்டை வாங்கத் தாமதித்த ஓய்வூதியர் அலைச்சலுக்கு ஆளாகலாம், உரிமையை இழக்கமாட்டார். ஒரே ஒப்பந்தம், ஒரே வகை மனிதர்கள், இரண்டு விதமான விளைவுகள்.

இதற்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு வைத்த வாதம் வலுவானது. அதை நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும். தானாக உரிமை தந்து, கையில் ஒரு காகிதமும் தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதை விண்ட்ரஷ் விவகாரம் காட்டிவிட்டதே என்றார்கள். 1973 ஜனவரி 1 பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த நாள். காமன்வெல்த் நாட்டவரின் வருகையைப் பெருமளவு அடைத்த 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான். ஐரோப்பாவுக்குக் கதவு திறந்த அன்றே ஜமைக்காவுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கதவு சாத்தப்பட்டது. ஏற்கெனவே வந்து குடியேறியிருந்தவர்களுக்கு மட்டும் உரிமை தொடர்ந்தது, எந்தக் காகிதமும் இல்லாமல். நாற்பது ஆண்டு கழித்து விதிகள் இறுகியபோது, கரீபியத் தீவுகளிலிருந்து சிறுவயதில் வந்த முதியவர்களிடம் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆதாரம் கேட்டார்கள். பலர் வேலை இழந்தார்கள், சிகிச்சை மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல் இந்த விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தபோது உள்துறை அமைச்சர் பதவி விலகினார். ஆனால் இந்த அநீதிக்குக் காரணம் உரிமை தானாகத் தொடர்ந்ததா? அவர்கள் வந்து இறங்கியதற்குச் சான்றான பழைய பதிவு அட்டைகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. பதிவை வைத்திருக்க வேண்டியவர் அழித்துவிட்டு, இல்லாதவரிடம் கேட்டார். இதற்கு மருந்து, உரிமையைச் சட்டத்தில் உறுதிசெய்து அதற்கான சான்றை எப்போது கேட்டாலும் தருவதுதான். தேதி தாண்டியவரின் உரிமையைப் பறிப்பது எப்படி மருந்தாகும்?

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் இலங்கையின் மலையகம் நினைவுக்கு வராமல் இருக்காது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் தஞ்சாவூர்க்காரரும் கண்டிக்காரரும் ஒரே முடியின் பிரஜைகள். 1948இல் இலங்கை அந்த அமைப்பிலிருந்து வெளியே வந்ததும் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடம் தகப்பனார் அங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்ட லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் இருந்திருக்கும்? மறு ஆண்டு வந்த இன்னொரு சட்டம், தொடர்ந்து வசித்ததை நிரூபித்து இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்கச் சொன்னது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ச்சி காட்ட வேண்டும். இடையில் ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்கி வந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. இப்படி நாடற்று நின்றவர்களைத்தான் 1964இல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் எண்ணிப் பங்கிட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானாவில் கேட்டதையும் லண்டனில் கேட்டதையும் நுவரெலியாவில் முன்பே கேட்டிருந்தார்கள்: விண்ணப்பம், ஆதாரம், கடைசித் தேதி.

மக்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு அதன் விளைவைக் குறை சொல்வது மக்களாட்சிக்கு மரியாதையா என்ற கேள்வியும் உண்டு. விலகும் உரிமை பிரிட்டிஷ் மக்களுக்கு உண்டு. எல்லையில் இனி வருபவரை யார் தீர்மானிப்பது என்று அவர்கள் கேட்டதிலும் தவறில்லை. ஏற்கெனவே வந்து குடும்பமாக வாழ்பவரின் உரிமை அதிலிருந்து தனியான விஷயம். மேலும் யார் அந்த மக்கள்? 2016இல் பிரிட்டனில் வசித்த போலந்துக்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வாக்கு இல்லை. காமன்வெல்த் குடிமகன் என்பதால், சென்னையிலிருந்து போய் லண்டனில் படித்துக்கொண்டிருந்த மாணவருக்கு வாக்கு இருந்தது. பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்களுக்கும் அன்று வாக்கு இல்லை. 1984 முதல் பிரான்சின் ஜெர்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்த ஒரு பெண் அப்படிப்பட்டவர். வாக்கெடுப்பில் அவருக்கு இடமில்லை. விலகலுக்குப் பிறகு 2020 மார்ச்சில் தன் ஊராட்சித் தேர்தலுக்கான பட்டியலிலும் பெயர் இல்லை. அவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூன் 9 அன்று தீர்ப்பளித்தது. ஒன்றியக் குடியுரிமை உறுப்பு நாட்டின் குடியுரிமையோடு ஒட்டியது; நாடு விலகினால் அதுவும் போகும் என்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டு நாடுகளிலும் வாக்கில்லாமல் நின்ற ஒருவரை மக்களாட்சியின் பெயரால் சமாதானப்படுத்த முடியாது.

விலகலால் இந்தியர்களுக்கு நன்மைதானே என்று நம்மூரில் கேட்பவர்கள் உண்டு. 2021க்குப் பிறகு பிரிட்டனுக்குப் படிக்கவும் வேலைக்கும் போன இந்தியர் எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணிக்கும் விசா திறந்தார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை போட்டார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். ஐரோப்பியருக்கு முன்பு இருந்தது ஒப்பந்தம் தந்த உரிமை. நம்மவருக்குக் கிடைத்தது அரசு தந்த அனுமதி. வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது, விதி மாறினால் சுருங்குவது. ஒருவருக்கு உரிமை போனதால் இன்னொருவருக்கு அந்த உரிமை வந்துவிடவில்லை.

இதே பிரிட்டனுக்குள், விலகல் வாக்கெடுப்புக்கு இரண்டே ஆண்டு முன்னதாக, வேறு மாதிரியும் யோசித்திருக்கிறார்கள். 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து பிரிந்துபோவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, அங்கே குடியிருந்த ஐரோப்பியர்களும் காமன்வெல்த் குடிமக்களும் வாக்களித்தார்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கும் வாக்கு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்காட்லாந்து அரசு தன் திட்டத்தை நூற்றுக்கணக்கான பக்கங்களில் வெளியிட்டிருந்தது. சுதந்திர நாளன்று ஸ்காட்லாந்தில் வழக்கமாக வசிக்கும் ஒவ்வொரு பிரிட்டிஷ் குடிமகனும், எங்கே பிறந்திருந்தாலும், தானாகவே ஸ்காட்லாந்துக் குடிமகன் ஆவார் என்று அதில் எழுதியிருந்தது. 55 சதவீதத்தினர் பிரிவினை வேண்டாம் என்றுவிட்டதால் அந்த உறுதிமொழியைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வரவில்லை. அன்று எடின்பரோவில் வாக்களித்த போலந்துக்காரர், 2016இல் தன் தலைவிதியே தீர்மானமான வாக்கெடுப்பில் வெளியே நிறுத்தப்பட்டார். 2021இல் கைப்பேசிச் செயலியைத் திறந்து விண்ணப்பிக்க வேண்டியவராகவும் ஆனார்.